உள்ளே மாட்டுகிற டிஸ்க்

மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டபோது நான் வேறொரு கல்யாணத்தின் நடுவில் இருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"அக்கா, நாந்தான். கொழிஞ்சாம்பாறை மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்தாங்கல்ல, எஸ்டேட் சர்ச்சுல கல்யாணம். ஞாபகம் இருக்காக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்ப்பது என் வேலை. ஒரு மணப்பெண்ணின் முகத்தை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அந்த முகம் மறக்காது. இவள் சர்ச்சுக்குள் நுழையும்போது படியில் முக்காட்டுத் துணி மாட்டிக்கொள்ள, தானே குனிந்து எடுத்துவிட்டுச் சிரித்தவள். அந்தச் சிரிப்பைப் படத்தில் வைப்பதா வேண்டாமா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதம் வந்து, நான்தான் வைத்தேன்.

மீனாட்சிபுரத்துக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. அவர் கேமரா எடுத்துக்கொண்டு போவார், நான் வீட்டில் கம்ப்யூட்டரில் வேலையை முடிப்பேன். அதே வளவில் பக்கத்து வீட்டில் கொழுந்தனாரும் என் ஓரகத்தியும் மாடு வைத்திருக்கிறார்கள். பால் அவர்களுடைய தொழில், படம் எங்களுடையது.

அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். மழையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து வீட்டுக்குள் இறங்கிவிட்டது. முன்கூட்டியே எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பீரோ சேற்றில் போய்விட்டது. கல்யாண ஆல்பமும், நாங்கள் கொடுத்த பென் டிரைவும் அதற்குள் இருந்தன. போட்டோ எடுத்தவரோ ஸ்டூடியோவை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக வெளிநாட்டுல நர்ஸ் வேலையில இருக்காகக்கா. என்னைக் கூப்பிட்டுக்கிறதுக்கு விசாவுக்கு எழுதிப் போட்டிருக்காக. கல்யாணம் நடந்ததுக்குப் படம் வேணும்னு ஏஜென்ட்டு சொல்றாரு. ரெண்டு மூணு இருந்தாப் போதும். ஆனா எங்கம்மா முழுப்படத்தையும் கேக்குறாங்க. உங்ககிட்ட இருக்குமாக்கா?"

"இருக்குதும்மா. ஒரு வாரம் குடு" என்றேன்.

கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொன்னேன். பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஒரு வருடம் ஆனால் பழைய படங்களை அழித்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. அழிக்கிற பொத்தான் என் கையில் இருந்ததால் அந்தக் கொள்கை எங்கள் வீட்டில் நடைமுறைக்கு வந்ததே இல்லை.

போனை வைத்துவிட்டுத் தேடினேன். இருந்தது. ஆனால் முடித்துக் கொடுத்த படம் இல்லை, கேமராவிலிருந்து வந்த துண்டுத் துண்டான பதிவுகள்தான் இருந்தன. சர்ச், பந்தி, கார், மலைப்பாதை, எல்லாம் தனித்தனியாக. திரும்பவும் முதலிலிருந்து கோத்து எடுக்க வேண்டும். அதற்கு டிஸ்க்கில் இடம் வேண்டும். டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று திரையில் காட்டுகிற பட்டை முழுக்கச் சிவப்பாகிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அதற்குக் காரணம் புதுக் கேமரா. படம் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் ஒரு முகூர்த்தத்துக்கே பழைய கேமராவில் முழுக் கல்யாணத்துக்கு ஆகிற இடத்தைத் தின்றுவிடும்.

சாயங்காலம் அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஒரு கல்யாணம். கேமராவின் மெமரி கார்டு முழுக்க முந்தின வாரக் காதுகுத்து கிடக்கிறது. அதை இறக்கி வைக்க இடமில்லை.

"ஏம்புள்ள, இத்தனையும் வெச்சுட்டு என்ன பண்ணப் போறே? பழசையெல்லாம் அழிச்சுட்டாக் காலியாயிருமல்லோ."

"அழிச்சாத் திரும்ப வராதுங்க. இன்னிக்கு ஒரு புள்ள கேட்டா. நாளைக்கு இன்னொரு ஊட்டுல கேப்பாங்க."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்கு நான் எதுல எடுக்கறது?"

"புதுசா ஒரு டிஸ்க் வாங்கி உள்ள மாட்டிக்கலாம்."

"கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போனா ரிப்பேருக் கடைக்காரன் நாலு நாளு வெச்சுக்குவான்."

"ஆரு தூக்கிட்டுப் போறா? நானே மாட்டறனுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "செரி, வாரண்டி போயிருச்சு, இனி போறதுக்கு என்ன இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனேன். கடையில் இருந்தவருக்கு என் வீட்டுக்காரரின் வயது இருக்கும். எடுத்தவுடனே வெளியே வயரில் செருகுகிற டிஸ்க் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது கொண்டு போங்க மேடம். சொருகினாப் போதும், வேலையே இல்ல."

"அது ஒண்ணு எங்க ஊட்டுல இருந்துதுங்க. வயரு கால்ல சிக்கி மேஜையிலிருந்து விழுந்து போச்சு. எனக்கு உள்ள மாட்டறது வேணும். மூணரை இஞ்சு, நாலு டிபி. அதுகூட ஒரு டேட்டா கேபிள்."

"அது மாட்டறதுக்கு ஆளு வேணுமுங்களே. ஆரு மாட்டுவாங்க?"

"நாந்தான்."

அவர் வெளியே வைத்ததை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, நான் கேட்டதை எடுத்துவந்தார். எடிட்டிங் வேலைக்கா, பத்திரமாக வைத்துக்கொள்ள மட்டுமா என்று கேட்டார். எடிட்டிங்குக்கும் என்றேன். அப்படியானால் இது வேண்டாம், இதைவிட வேகமாகச் சுற்றுகிற ஒன்று இருக்கிறது என்று வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். நல்ல வியாபாரி. கேட்பவளுக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் அவருக்கும் பேச்சில் ருசி வந்துவிடுகிறது. கிளம்பும்போது, "மாட்டீட்டு ஒரு போன் பண்ணுங்க மேடம், சும்மாத் தெரிஞ்சுக்கறதுக்கு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கோவிந்தாபுரம் தாண்டும்வரை சாலையில் இருந்த மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் என் தொடைகள் வாங்கிக்கொண்டன. டிஸ்க் அசையவில்லை.

மதியப் பால் கறவை முடிந்து ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் ஒரு பழைய போர்வை மேல் படுக்கவைத்திருந்தேன். வயர்களைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய பிறகும் பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தையும் வடித்துவிட்டேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள பல்லி முட்டை கெடக்குதுங்க."

கிடந்தது. விசிறிக்கு அடியில், வெள்ளையாக. அதைச் சுற்றி, போன வருடம் நான் திறந்து மூடியதற்குப் பிறகு சேர்ந்த தூசி, அதோடு வைக்கோல் துகளும் பின்னிக் கம்பளி மாதிரி படிந்திருந்தது.

"இதெல்லாம் உங்க மாட்டுக் கொட்டாயிலிருந்து வந்ததுதான்" என்றேன்.

"பல்லியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்ச் சுவருக்கு வெள்ளையடிக்கிற சின்ன பிரஷ்ஷை எடுத்துவந்தாள். இருவருமாகச் சுத்தம் செய்தோம். அவள் கறவை இயந்திரத்தைத் தினமும் கழற்றிக் கழுவி மாட்டுகிறவள். குழாய் எது, வால்வு எது என்று பார்த்தவுடன் பிடித்துவிடுகிற கை. அப்படிப்பட்டவளுக்கே கம்ப்யூட்டருக்குள் கைவைக்கத் தயக்கம்.

"தொட்டா ஷாக் அடிக்காதுங்களா?"

"வயரைப் புடுங்கியாச்சு. அது நமக்கு ஒண்ணும் பண்ணாது. நம்ம ஒடம்புல இருக்கற கரண்டுதான் அதுக்கு ஆகாது. அதனால முதல்ல இந்தத் தகரத்தைத் தொட்டுக்கோ."

அவள் பயபக்தியோடு பெட்டியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டாள். அப்புறம் டார்ச்சைப் பிடித்தாள்.

பழைய டிஸ்க்குக்குக் கீழே ஒரு காலித் தட்டு இருந்தது. எட்டு வருடமாக யாருக்காகவோ ஒழித்துவைத்த மாதிரி. புதியதை அதில் தள்ளினேன். பொருந்திவிட்டது. திருகாணிகள் காப்பித்தூள் டப்பாவில் இருந்தன. இந்தப் பெட்டியை வாங்கியபோது மிஞ்சியவை, நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. அதில் இரண்டு ஜாதி இருந்தது: ஒன்றில் மரை நெருக்கம், ஒன்றில் அகலம். ஓரகத்தி நெருக்கமானதை எடுத்து ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். நான் தடுத்தேன்.

"முதல்ல கையில சுத்திப் பாரு. கையில போகாததைக் கருவி போட்டுத் திருகக் கூடாது."

கையில் போகவில்லை. அகலமானதை எடுத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. "மாட்டுக்குக் குழாய் மாட்டறதும் இப்படித்தானுங்க" என்றாள். அதன்பிறகு அவள் தயக்கம் போய்விட்டது. பவர் வயரில் ஒன்று, பின்னால் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அதை அவிழ்த்துச் செருகினோம். டேட்டா கேபிளின் ஒரு முனையை டிஸ்க்கிலும் மறுமுனையை மதர்போர்டுப் பலகையில் காலியாக இருந்த இடத்திலும் செருகினேன். டக் என்று சத்தம் வந்தது.

வயர்களை மாட்டி, கம்ப்யூட்டரை இயக்கினேன். பழையபடி எல்லாம் வந்தது. புது டிஸ்க் மட்டும் வரவில்லை.

அணைத்து மறுபடி போட்டேன். வரவில்லை. திரையில் எங்கு தேடியும் இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். திறந்து கிடந்த பெட்டியையும், தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் பார்த்தார்.

"செத்த டிஸ்க்கைக் கட்டிக் குடுத்துட்டானா?"

"சாகலீங்க. தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து தட்டின் ஓரத்தில் விரலை வைத்தார். உள்ளே சுழல்கிற மெல்லிய அதிர்வு விரலில் தெரியும்.

"சுத்துது" என்றார்.

"சுத்துதல்லோ. அப்பப் பவரு போகுது. டிஸ்க்கும் செரியாத்தான் இருக்குது. பேச்சுத்தான் வந்து சேரலை. வழியில எங்கியோ அடைப்பு."

கேபிளின் மேல் சந்தேகம் வந்தது. பழைய டிஸ்க்கின் கேபிளோடு மாற்றிப் பார்த்தேன். கேபிளில் குறையில்லை. அப்படியானால் பலகையில் நான் செருகிய இடம்தான். அந்தப் பலகைக்கான கையேட்டைப் போனில் இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். முப்பத்தி எத்தனையாவதோ பக்கத்தில், ஒரு படத்துக்கு அடியில் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. சூயிங்கம் போல மெல்லிய, சுழலாத டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை அந்தப் பலகையில் மாட்டியிருந்தால், டிஸ்க்குக்கான இடங்களில் இரண்டாவது வேலை செய்யாது. இரண்டு பேருக்கும் ஒரே பாதை. போன வருடம் வேகத்துக்காக அப்படி ஒரு எஸ்எஸ்டியை மாட்டியது நான்தான். விண்டோஸ் அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு நான் கேபிளைச் செருகியது சரியாக அந்த இரண்டாவது இடத்தில்.

அணைத்து, கேபிளை நான்காவது இடத்துக்கு மாற்றினேன். மறுபடி போட்டேன். விண்டோஸ் எழுவதற்கு முன் வருகிற பயாஸ் திரையில் புது டிஸ்க்கின் பெயர் வந்து நின்றது.

"வந்துருச்சுங்க" என்றாள் ஓரகத்தி, பசு கன்று போட்டதைச் சொல்கிற அதே குரலில். சொல்லிவிட்டுச் சாயங்காலக் கறவைக்கு ஓடினாள்.

டிஸ்க் வந்தால் மட்டும் போதாது. புது நிலத்தை உழுது வரப்புக் கட்டுவது போல, அதைத் தயார்ப்படுத்திய பிறகுதான் எதையும் வைக்க முடியும். அதற்கான திரையைத் திறந்தேன். டிஸ்க்குகள் வரிசையாக, பட்டை பட்டையாக நின்றன. அடுத்துச் செய்ய வேண்டியது ஃபார்மேட். அதாவது இதிலிருக்கிற எல்லாமும் அழிந்துபோகும் என்று எச்சரிக்கை வந்து, நாம் சரி என்று சொல்கிற இடம். தவறி வேறு பட்டையில் சரி சொல்லிவிட்டால் எட்டு வருடத்துக் கல்யாணங்கள் போய்விடும்.

"எது புதுசுன்னு தெரியுதல்லோ?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெரியுது. இருந்தாலும் ஒரு நிமிஷம் இருங்க."

கம்ப்யூட்டரை மறுபடி அணைத்தேன். பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டேன். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், அதனால் பழைய டிஸ்க் இல்லாமலும் கம்ப்யூட்டர் எழும். எழுந்தது. இப்போது அந்தத் திரையில் எங்கள் கல்யாணங்கள் இல்லவே இல்லை. இல்லாததை யாராலும் அழிக்க முடியாது. மிச்சமிருந்தது எஸ்எஸ்டியும், கறுப்புப் பட்டையாக நின்ற புது டிஸ்க்கும் மட்டும். விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியை நாமே கேட்டாலும் கம்ப்யூட்டர் அழிக்க விடாது. புதியதில் சொடுக்கி, எச்சரிக்கைக்குச் சரி சொல்லி, பெயர் கேட்ட இடத்தில் 'மங்களம்' என்று அடித்தேன்.

அவர் மூச்சை விட்டார். "இப்படி ஒரு வழி இருக்குதுன்னு ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

"ஆரும் சொல்லலீங்க. உங்க தோள்ல கேமரா வாரு இருக்கறப்பவே கழுத்துலயும் ஒண்ணு மாட்டிக்குவீங்கல்லோ. அது மாதிரித்தான்."

அவர் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பழைய டிஸ்க்கைத் திரும்ப இணைத்துவிட்டு, முதலில் காதுகுத்தை மெமரி கார்டிலிருந்து இறக்கினேன். அப்புறம் பழைய கல்யாணங்கள். வெட்டி ஒட்டவில்லை, நகல்தான் எடுத்தேன். நகல் முழுதாக இறங்கி, திறந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் பழையதில் இருப்பதைத் தொடுவது என்று எனக்கு ஒரு விதி. நடுவில் கரண்டு போயிற்று. யூபிஎஸ் கத்தியது. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவைத்து, ஒழுங்காக அணைத்தேன். கரண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கடைக்காரருக்குப் போன் பண்ணி இரண்டாவது இடத்தின் கதையைச் சொன்னேன். "அதை நானும் ஒருக்காப் பட்டுத்தானுங்க தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் காலிக் கார்டோடு சித்தூருக்குப் போனார். நான் எஸ்டேட் கல்யாணத்தைத் திறந்தேன்.

திரும்பக் கோக்கும்போது அது எனக்கு வேறொரு கல்யாணமாகத் தெரிந்தது. முதல் தடவை செய்தபோது அவசரம், பாட்டுக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்த்தேன். இந்தத் தடவை மண் சரிந்துபோன அந்த வீடு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். பெண் வாசலை விட்டு இறங்குகிற இடம். பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற இடம், அது முதல் படத்தில் நான் வெட்டி எறிந்தது. மாமன்மார் சுவரோரம் நின்று தேயிலை விலை பேசுவது. எல்லாவற்றையும் சேர்த்தேன். விசாவுக்கு வேண்டிய படங்களைத் தனியாக எடுத்துப் போனில் அனுப்பினேன். சர்ச்சில் மோதிரம் மாற்றுவது, இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்பது. படிக்கட்டில் முக்காட்டுத் துணியை எடுத்துக்கொண்டு சிரிப்பதையும் சேர்த்தே அனுப்பினேன். அது விசாவுக்கு வேண்டாம்தான்.

முழுப்படத்தை அங்கே போனில் வாங்க முடியாது, சிக்னல் அப்படி. அதனால் அடுத்த வாரம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு, அங்கிருந்து மாட்டுப்பட்டி. அணைக்கு மேலே பனி இறங்கியிருந்தது. அவர்களுக்கு எஸ்டேட்டில் வேறு லயத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். சாமான் அதிகமில்லை. டிவி மட்டும் புதிதாக, சுவரில் இருந்தது.

பென் டிரைவைச் செருகிப் படத்தைப் போட்டதும் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தரை நிறைந்து, வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்களைத் தேடினார்கள்.

"ஏட்டி, உன் சேலையப் பாரு, அதுவும் சேத்துல போயிருச்சே."

"சேலையா பெருசு? நீ ரெண்டாந்தரம் பந்தியில உக்காந்தது படத்துல வந்துருச்சு பாரு."

பெண்ணின் அம்மா டிவிக்கு நேர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் உரிக்கிற இடம் வந்ததும், "இது முன்ன இல்லியே" என்றார்.

"இப்பச் சேர்த்ததுங்க" என்றேன்.

"அந்தச் சுவத்தப் பாருங்க. அந்த நீலத்த நானும் எம்மவளும் ரெண்டு நாளு நின்னு அடிச்சோம். பெயிண்டு பத்தாம ஒரு மூலைய விட்டுட்டோம். அதுவும் தெரியுது பாருங்க." அவர் எழுந்து போய், டிவியில் அந்த வெள்ளை மூலையை விரலால் காட்டினார். நான் படத்தை அங்கேயே நிறுத்தினேன். எல்லாரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு, "ஓட விடுங்கம்மா" என்றார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் கார் வரைக்கும் வந்தாள்.

"அக்கா, அழிஞ்சிருக்கும்னுதான் நெனச்சு போன் பண்ணேன். நீங்க பட்டுன்னு இருக்குன்னுட்டீங்க."

"அழிக்கறது இல்லம்மா நான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காரின் கதவைத் திறந்துகொண்டே, "ஆமாம்மா, எங்க ஊட்டுல எதையும் அழிக்கறது இல்ல" என்றார், அது தன்னுடைய கொள்கை என்பது போல. நான் காரில் ஏறிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு விசா வந்துவிட்டது. நெடும்பாசேரியிலிருந்து விமானம் ஏறுவதற்கு முன் கூப்பிட்டாள். குளிருக்கு எஸ்டேட்டு ஸ்வெட்டர் போதுமா என்று என்னிடம் கேட்டாள். அதை அங்கே இருக்கிற உன் வீட்டுக்காரரிடம் கேள் என்றேன். அவர் போதாது, தடித்த கோட்டு வேண்டும் என்கிறார், அம்மா போதும் என்கிறாள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன் என்றாள். அம்மா சொன்னதைப் போட்டுக்கொண்டு, அவர் சொன்னதைப் பெட்டியில் வைத்துக்கொள் என்று சொன்னேன்.